தானியத்திலிருந்து பீர்: வீட்டில் காய்ச்சுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாமில் ஒரு சின்னச் சமையலறையில் ஒன்பது வருடமாகப் பீர் காய்ச்சுகிறேன். வீட்டுக்கு வரும் நண்பர்கள் முதலில் கேட்பது "இன்னொரு கிளாஸ் கிடைக்குமா?" என்று. அடுத்து வருபவை எல்லாம் கீழே இருக்கும் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரியா?

எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 1963 வரை இதற்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்த வருடம் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். இப்போது சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். அங்கேயும் மாநிலச் சட்டங்கள் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் வழிவிட்டன.

தமிழ்நாட்டில் கூடாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "ஊரில் மாமாவுக்கு ஒரு செட் வாங்கி அனுப்பலாமா?" என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான்.

கண் போய்விடாதா?

எங்கள் பெரியம்மா கேட்ட கேள்வி. சிரிக்கவில்லை, ஏனென்றால் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அங்கே கொன்றது மெத்தனால். அது தானியம் புளித்து உண்டானதல்ல, தொழிற்சாலை உபயோகத்துக்கான சரக்கைச் சாராயத்தில் கலந்தது. பீரில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலும் கரியமில வாயுவும் தருகிறது. ஆபத்தான அளவு மெத்தனால் அதில் உண்டாவதில்லை. நாம் ஆவியாக்கி வடிப்பதும் இல்லை. "காய்ச்சுவது" என்ற சொல்தான் சாராயத்தை ஞாபகப்படுத்திக் குழப்புகிறது. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும், வாயில் வைக்க முடியாது. கண்ணைப் பறிக்காது.

ஆல்-கிரெய்ன் என்றால் என்ன? கடையில் டப்பாவில் விற்கிறார்களே, அது வேறா?

டப்பாவில் வருவது கெட்டியாகச் சுண்டக் காய்ச்சிய மால்ட் பாகு. வெந்நீரில் கரைத்து ஈஸ்ட் தூவினால் போதும். கடையில் வாங்கும் ரெடிமேட் தோசை மாவு மாதிரி, தோசை வரும். ஆல்-கிரெய்ன் என்பது அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவதிலிருந்து தொடங்குவது. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை வாங்கி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பை நாமே பிரித்தெடுக்கிறோம். இனிப்பு எவ்வளவு, நிறம் என்ன, வாயில் கனமாக நிற்குமா லேசாகப் போகுமா என்பதெல்லாம் அப்போது நம் கையில். விலை? வெகு நேரம் உழைத்தால் மலிவு.

என்னென்ன பாத்திரம் வேண்டும்?

35 முதல் 40 லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் அண்டா ஒன்று. நல்ல தெர்மாமீட்டர். அண்டாவுக்குள் அடங்கும் மெல்லிய நைலான் பை, பெரிய இட்லித் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, மூடியில் காற்று வெளியேற மட்டும் வழிவிடும் ஏர்லாக். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். கொதித்ததைச் சீக்கிரம் ஆறவைக்கச் செப்புக் குழாய்ச் சுருள். ஒரு தராசு.

பை வைத்துக் காய்ச்சும் முறையை 2000-களில் ஆஸ்திரேலியாவின் வீட்டுக்காரர்கள்தான் பரப்பினார்கள். அதற்கு முன் மூன்று அண்டா, பம்ப், அடுக்கடுக்காக மேடை என்று ஒரு கல்யாண சமையல் நடக்கும். இப்போது எல்லா நீரும் ஒரே அண்டாவில், பையை மேலே தூக்கினால் தானியம் தனி, சாறு தனி.

மின் அடுப்புக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சாதாரண அடுப்பில் 28 லிட்டர் கொதிக்கவே கொதிக்காது. முழுகு ஹீட்டர் பொருத்திய பிரத்யேக அண்டா வாங்குங்கள், இல்லையென்றால் பாதி அளவில் காய்ச்சுங்கள். பாதி அளவில் கற்றுக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

முதலில் எந்தப் பீர் காய்ச்சலாம்?

எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். நான் கேட்பது: உங்கள் வீட்டுக் கெட்டிலுக்குள் பார்த்தீர்களா?

என் கெட்டிலின் அடியில் இரண்டு வாரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிடும். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவது; பைகார்பனேட் ஏராளம். இந்தக் காரத்தன்மை வெளிர் மால்ட்டோடு சேர்ந்தால் ஊறலின், அதாவது வெந்நீரில் ஊறும் தானியத்தின், பிஎச் மேலே போய், பீரில் டீயைக் கொதிக்க விட்டது போன்ற துவர்ப்பு வரும். கருக வறுத்த தானியத்தில் இயல்பாகவே அமிலம் உண்டு. அது காரத்தைச் சமன் செய்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் ஊரே கறுப்பான போர்ட்டரைக் குடித்தது சும்மா ரசனையால் மட்டும் அல்ல. இந்தத் தண்ணீரில் நன்றாக வந்த பீர் அது.

எதிர்ப்பக்கம் செக் நாட்டின் பில்சென். அங்கே தண்ணீரில் தாதுக்கள் கிட்டத்தட்ட இல்லை, மழைநீர் மாதிரி. 1842-இல் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் அங்கே போய்ப் பொன்னிறப் பீரைக் காய்ச்சினார். இன்று உலகம் "பீர்" என்றதும் நினைக்கும் நிறம் அங்கிருந்து வந்தது. நடு இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அதிலுள்ள சல்ஃபேட், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும், ஆகவே அந்த ஊர் கசப்பான வெளிர் ஏல்களுக்கு (அறைச் சூட்டை ஒட்டிப் புளிக்கும் பீர் வகை) பேர் வாங்கியது.

அதாவது பீர் வகைகள் பலவும் முதலில் ஊர்த் தண்ணீரிலும் ஊர்க் குளிரிலும் பிறந்தவை. செய்முறைத் தாள் பிறகு வந்தது. ஆகவே கெட்டிலில் வெள்ளை படிந்தால் போர்ட்டரைப் போன்ற கறுப்புப் பீரான ஸ்டவுட்டில் தொடங்குங்கள். படியவே இல்லை என்றால் கோதுமைப் பீர், வெளிர் ஏல். ஆனால் பில்சென்னின் அந்தப் பொன்னிறப் பீரை, பில்ஸ்னரை, யாருமே முதலில் தொட வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

தண்ணீரை மாற்றவே முடியாதா?

முடியும். பழைய வழி, முதல் நாள் இரவே தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த சுண்ணாம்பைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுப்பது. லாக்டிக் அமிலம் சில மில்லி விடுவது இன்னொரு வழி. இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர் வாங்கி வேண்டிய உப்பை நாமே சேர்ப்பது. கசப்பு எடுபட ஜிப்சம், மால்ட் உருண்டையாகத் தெரியக் கால்சியம் குளோரைடு. ஊறலின் பிஎச் 5.2-லிருந்து 5.6-க்குள் நின்றால் சரி.

ஆனால் எந்த வகையாக இருந்தாலும் ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரினோ குளோரமைனோ இருக்கும். அது மால்ட்டோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை வரும், பேண்ட்-எய்டை மென்றது போல. 28 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடத்தில் போய்விடும். நான் முதலில் காய்ச்சிய நாலு அண்டாவும் இந்த மாத்திரை தெரியாததால்தான் வீணாயின.

தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பதை மாஷ் என்கிறார்களே, அதில் என்ன நடக்கிறது?

ராகியை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. முளைகட்டாத மாவுக் கஞ்சி கெட்டியாகும். முளைகட்டிய மாவுக் கஞ்சி நீர்த்து, சர்க்கரை போடாமலே லேசாக இனிக்கும். முளை விடும்போது தானியத்துக்குள் உண்டாகும் என்சைம்கள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதுதான் காரணம். பார்லி மால்ட்டிலும் அதேதான்.

வெட்டுபவர்கள் இருவர். பீட்டா அமிலேஸ் 60-லிருந்து 65 டிகிரிக்குள் சுறுசுறுப்பாக இருக்கும். ஈஸ்ட் முழுசாகத் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரையாக நறுக்கும். ஆல்ஃபா அமிலேஸுக்கு 70-ஐ ஒட்டிய சூடு பிடிக்கும். கண்டபடி வெட்டி, ஈஸ்டால் தின்ன முடியாத துண்டுகளையும் விட்டுவைக்கும். அந்தத் துண்டுகள்தான் வாயில் கனமாக உணரப்படுபவை. 64-இல் ஊறவைத்தால் பீர் வறண்டு லேசாக, 68-இல் வைத்தால் கொழகொழவென்று. 66 இரண்டுக்கும் நடுவில். இரண்டு டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசமா என்றால், ஆமாம். நல்ல தெர்மாமீட்டருக்குச் செலவழியுங்கள், மற்றதில் மிச்சம் பிடிக்கலாம்.

ஒருமுறையாவது இதைச் செய்து பாருங்கள். தானியம் போட்ட ஐந்தாவது நிமிடம் ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள்: கழுநீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கி, மாவு ருசி. அரை மணி கழித்து அதே கரண்டி: தெளிந்து, டிகாக்ஷன் குறைவாகப் போட்ட காபித் தண்ணீர் நிறத்தில், நாக்கில் பிசுபிசுக்கும் இனிப்பு. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, மூடி வைத்துக் கம்பளி போர்த்தியதைத் தவிர.

ஒரு முழு நாள் எப்படிப் போகும்? ஸ்டவுட்டை வைத்தே சொல்லுங்கள்.

20 லிட்டர் ஐரிஷ் பாணி ஸ்டவுட்டுக்கு வெளிர் மால்ட் 2.8 கிலோ, அவல் மாதிரி தட்டிய பார்லி 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 60 கிராம் (ஊர்ப் பெயரில் வரும் இந்த ஈஸ்ட் கிழக்கு என்ற திசை, புளிக்கவைக்கும் ஈஸ்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஈஸ்ட்டுக்கு உலர்ந்த சஃபேல் எஸ்-04 ஒரு பாக்கெட். தானியத்தை உடைத்தே வாங்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் உமியும் தூளாகி வடியாது.

காலை எட்டு மணிக்கு 28 லிட்டர் தண்ணீர், அரை கேம்ப்டன் மாத்திரை. 69 டிகிரி வந்ததும் பையை விரித்துத் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். ரவை உப்புமாவில் கட்டி விழுவது போல இதிலும் விழும். கட்டிக்குள் காய்ந்த மாவு சிக்கினால் அது நஷ்டக் கணக்கு, ஆகவே உடைத்துவிடுங்கள். இப்போது சூடு 66-க்கு இறங்கியிருக்கும். மூடி, போர்த்தி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். இட்லி சாப்பிட நேரம் சரியாக இருக்கும்.

பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, நன்றாகப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்று பழைய ஆட்கள் மிரட்டுவார்கள். நான் எப்போதும் பிழிகிறேன், துவர்த்ததில்லை. அண்டாவில் இருப்பதற்கு வோர்ட் என்று பெயர். அதைக் கொதிக்கவிடுங்கள். கொதி வரும் நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள், பால் மாதிரி திடீரென்று பொங்கும். நுரை அடங்கியதும் ஹாப்ஸ் அத்தனையும் போட்டு, 60 நிமிடம் திறந்தே கொதிக்கட்டும். மூன்று லிட்டர் ஆவியாகும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

அடுப்பை அணைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு செப்புச் சுருளை அண்டாவில் இறக்குங்கள், கொதியிலேயே கிருமி சாகும். அணைத்ததும் சுருளில் குளிர்ந்த நீரை ஓடவிட்டால் அரை மணியில் 20 டிகிரிக்கு இறங்கிவிடும். வாளிக்கு மாற்றும்போது உயரத்திலிருந்து ஊற்றுங்கள், டீக்கடைக்காரர் ஆற்றுவது போல. ஈஸ்ட்டுக்கு ஆரம்பத்தில் மட்டும் ஆக்சிஜன் வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.042-ஐ ஒட்டி வரும். ஈஸ்ட்டைத் தூவி மூடுங்கள். மணி ஒன்றரை ஆகியிருக்கும், பாத்திரம் கழுவ இன்னும் ஒரு மணி.

ஹாப்ஸை எப்போது போடுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

தாளிப்பதும் கடைசியில் கொத்தமல்லி தூவுவதும் ஒன்றா? ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் நீண்ட நேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பாகும். அதே கொதி அதன் வாசனை எண்ணெயை ஆவியாக்கிவிடும். ஆகவே கசப்புக்கு 60 நிமிடம் முன்பு, ருசிக்குக் கடைசிப் பத்து நிமிடம், மணத்துக்கு அடுப்பை அணைத்த பிறகோ புளித்து முடிந்த வாளியிலோ. பாக்கெட்டில் ஆல்ஃபா சதவீதம் போட்டிருக்கும். 5 சதவீதத்துக்குச் சொன்ன எடையை 10 சதவீத ஹாப்ஸில் அப்படியே போட்டால் கஷாயம் குடிப்பீர்கள்.

ஆங்கிலேயரின் கசப்பான ஏல், பிட்டர், எப்படி?

மேரிஸ் ஆட்டர் மால்ட் 3.6 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், 66 டிகிரி. கோல்டிங்ஸ் 45 கிராம் ஆரம்பத்தில், 20 கிராம் கடைசிப் பத்து நிமிடத்தில். ஆரம்ப அடர்த்தி 1.040, முடிவில் 1.010, அதாவது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. லண்டன் நீராக இருந்தால் முன்னே சொன்னபடி காரத்தன்மையைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி ஜிப்சம் சேருங்கள். மேரிஸ் ஆட்டர் 1960-களில் கேம்பிரிட்ஜில் உருவான பார்லி ரகம். விளைச்சல் குறைவு என்று பலர் கைவிட்டும் ருசிக்காக இன்னும் விதைக்கிறார்கள். நம் பக்கம் சீரகச் சம்பாவை விடாமல் வைத்திருப்பவர்களைப் போல.

ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) இந்தியாவுக்காகவே கண்டுபிடித்ததாமே?

கதை அழகாக இருக்கிறது. கப்பலில் கெடாமல் இருக்க ஒருவர் மூளையைக் கசக்கி ஹாப்ஸை அள்ளிப்போட்டார் என்று. நடந்தது இன்னும் சாதாரணம். என் வீட்டிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் நான்காவது நிறுத்தம் பிராம்லி-பை-போ. அந்தப் பக்கம் லீ ஆற்றங்கரையில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் மதுவாலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் அருகில்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல் அதிகாரிகள் பக்கத்தில் கிடைத்த பீரைக் கடனுக்கு வாங்கி ஏற்றிப்போனார்கள். ஏற்கெனவே வீட்டு நிலவறைகளில் பதப்படுத்தி வந்த கெட்டியான, ஹாப்ஸ் மிகுந்த வெளிர் பீர் அது. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் மாதக்கணக்கில் ஆடி ஆடிப் போனதில் நன்றாகப் பக்குவப்பட்டது. 1820-களில் பர்ட்டன்காரர்கள் உள்ளே புகுந்தார்கள், அவர்களுடைய ஜிப்சம் தண்ணீர் ஹாட்ஜ்சனை ஓரங்கட்டியது. பின்னால் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலக்க ஆரம்பித்தார்கள்; அந்த வேலைக்கே பர்ட்டனைசேஷன் என்று பேர் வந்தது.

குடித்தவர்களும் பெரும்பாலும் அதிகாரிகளும் வியாபாரிகளும். சாதாரணச் சிப்பாய்க்குப் போனது போர்ட்டர்.

ஜெர்மன் கோதுமைப் பீரில் வாழைப்பழ வாசனை வருகிறதே, எசன்ஸா?

ஒரு துளியும் இல்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், கிராம்பு வாசனை 4-வினைல் குவையகால். கோதுமை மால்ட் 2.6 கிலோ, பில்ஸ்னர் மால்ட் 2.2 கிலோ, ஹாலர்டவ் ஹாப்ஸ் 25 கிராம் மட்டும். கிராம்பு தூக்கலாக வேண்டும் என்றால் முதலில் 44 டிகிரியில் கால் மணி ஊறவைத்து அப்புறம் 66-க்குக் கொண்டுபோங்கள். வாழைப்பழம் வேண்டும் என்றால் கொஞ்சம் சூடாக, 21 டிகிரியில் புளிக்க விடுங்கள். பவேரிய வகை ஈஸ்ட்டே போட வேண்டும், மற்றதில் இந்த வாசனை வராது. வடிகட்டாதீர்கள், கலங்கலாகத்தான் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் பீர் பிடிக்காது என்று சொன்னவர்களும் இதை இரண்டாவது முறை கேட்டார்கள்.

பில்ஸ்னரை ஏன் கடைசியில் தள்ளினீர்கள்?

ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பீர் அது. ஸ்டவுட்டில் ஒரு சின்னத் தப்பை வறுத்த பார்லி மூடிவிடும். பில்ஸ்னரில் எல்லாம் தெரியும், வெறும் ரசத்தில் உப்பு கூடினது தெரிவது போல.

பொருள் என்னவோ எளிது: பில்ஸ்னர் மால்ட் 4.6 கிலோ, ஸாட்ஸ் ஹாப்ஸ் மூன்று தவணையாக 60, 30, 30 கிராம். தாது இல்லாத தண்ணீர். 90 நிமிடக் கொதி, ஏனென்றால் இந்த மால்ட்டில் வேகவைத்த சோள வாடை தரும் டிஎம்எஸ் உண்டாகும், அது ஆவியாகிப் போக வேண்டும். பிரச்சினை புளிக்கவைப்பதில். பில்ஸ்னர் குளிரில் புளிக்கும் லாகர் வகை; லாகர் ஈஸ்ட் 12 டிகிரியில் வேலை செய்யும். ஏலை விட இரட்டிப்பு ஈஸ்ட் போட வேண்டும், டபிள்யூ-34/70 என்ற உலர்ந்த லாகர் ஈஸ்ட் என்றால் இரண்டு பாக்கெட். முடிவை நெருங்கும்போது 17 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் வைத்தால் வெண்ணெய் வாடை போகும். அப்புறம் பழைய ஃப்ரிட்ஜில் 2 டிகிரியில் ஐந்து வாரம். தனி ஃப்ரிட்ஜும் பொறுமையும் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

செக் நாட்டவர் இதற்கு "டிகாக்ஷன்" என்று ஒன்று செய்வார்கள். நமக்குக் காபி ஞாபகம் வரும், இது வேறு. ஊறலில் மூன்றில் ஒரு பங்கை அள்ளித் தனியே கொதிக்கவைத்துத் திரும்பக் கொட்டுவது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் சூட்டைச் சரியாக ஏற்ற இதுதான் வழி. பில்சென்னின் பில்ஸ்னர் உர்க்வெல் மதுவாலையில் இன்றும் ஒரு ஊறலுக்கு மூன்று முறை செய்கிறார்கள். வீட்டில் ஒருமுறை செய்தேன். ருசி கூடியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கை வலித்தது உறுதி.

லயன் ஸ்டவுட் மாதிரி செய்ய முடியுமா?

ஈஸ்ட் ஹாமில் வாரம் ஒருவர் கேட்பார். இலங்கைப் பீர் அது. நுவரெலியா மலையில் தொடங்கிய மதுவாலை, இப்போது பியகமவில். ஏற்றுமதியில் 8.8 சதவீதம். அப்படியே வராது, ஆனால் அந்தத் திசையில் போகலாம். மேலே சொன்ன ஸ்டவுட்டின் வெளிர் மால்ட்டை 6.5 கிலோவாக்கி, தட்டிய பார்லிக்குப் பதில் கிரிஸ்டல் மால்ட் 400 கிராம் போட்டு, கொதி முடியும்போது கறுப்பு வெல்லப்பாகு அரை கிலோ விடுங்கள். ஈஸ்ட் இரண்டு பாக்கெட். குறைந்தது மூன்று மாதம் பாட்டிலில் கிடக்கட்டும். நான் பனங்கருப்பட்டி அரை கிலோ போட்டு ஒருமுறை செய்தேன். அந்தப் புகை வாசம் கறுப்புப் பீருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

கேழ்வரகோ அரிசியோ போடலாமா?

போடலாம். நேபாளத்து மதுவான தொங்பா கேழ்வரகில்தான் ஆகிறது. வீட்டில் முளைகட்டிய கேழ்வரகை மொத்தத் தானியத்தில் 10, 15 சதவீதம் பார்லியோடு சேர்த்தால் மண்ணும் கொட்டையும் கலந்த ஒரு ருசி வரும். டப்பாவில் "ராகி மால்ட்" என்று விற்பதில் சர்க்கரையும் பால் பவுடரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் அது பாயசத்துக்கு. அரிசியைக் குழையக் கஞ்சியாக்கிச் சேருங்கள். அதன் மாவுச்சத்து இளகப் பார்லியை விட அதிகச் சூடு வேண்டும், 66-இல் பச்சையாகவே கிடக்கும்.

எந்தச் சூட்டில் புளிக்க விட வேண்டும்?

ஏல் 18 முதல் 20. கவனிக்க வேண்டியது அறையின் சூட்டை அல்ல, வாளியின் சூட்டை. ஈஸ்ட் மும்முரமாக இருக்கும் முதல் மூன்று நாளில் உள்ளே சில டிகிரி கூடும். லண்டனில் வருடத்தில் பெரும்பாதி நாள் படியடி அலமாரியே போதும். கோடையில் வாளியை அகன்ற தொட்டித் தண்ணீரில் வைத்து, ஈரத் துண்டு சுற்றுவேன், மண்பானைத் தத்துவம்.

வெயில் ஊர்களில் இருப்பவர்களுக்கு நார்வேயின் பண்ணை ஈஸ்ட்டான குவைக் ஒரு வரம். வோஸ் வகை 35 டிகிரியிலும் கெட்ட வாடை இல்லாமல் மூன்று நான்கு நாளில் முடித்துவிடும், லேசான ஆரஞ்சு மணத்தோடு.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஏர்லாக்கில் குமிழி நின்றதை நம்பாதீர்கள். பால் சொசைட்டியில் பாலில் மிதக்க விடும் லாக்டோமீட்டருக்கு ஹைட்ரோமீட்டர் ஒரு தம்பி. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து அளவு மாறவில்லை என்றால் முடிந்தது. ஆரம்ப அளவிலிருந்து முடிவளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.042 கழித்தல் 1.011, 0.031, பெருக்கினால் 4.1.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. இரண்டாவது வருடம், 1.018-இல் நின்ற பிட்டரைப் பாட்டிலில் அடைத்து, படியடியில் வைத்தேன். பத்தாம் நாள் இரவு இரண்டரைக்கு ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்தது என்று திரும்பிப் படுத்தேன். இரண்டாவது சத்தத்துக்கு மனைவி எழுந்தாள். கதவைத் திறந்தால் கண்ணாடிச் சில்லு கோட்டு, குடை, மகளின் பள்ளிப் பை எல்லாவற்றிலும். மிச்சப் பாட்டில்களை ஹெல்மெட்டும் தோட்டக் கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் திறந்தேன். அந்தக் கோட்டில் மழை நாளில் இன்னும் ஹாப்ஸ் வாடை வருகிறது. புதியவர்கள் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலிலேயே அடையுங்கள்; அமுக்கிப் பார்த்தால் அழுத்தமும் தெரியும்.

பாட்டிலில் நுரை எப்படி வருகிறது?

அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, 20 லிட்டருக்கு 120 கிராம். வெந்நீரில் கரைத்துப் பீரில் மெதுவாகக் கலக்குங்கள். மிச்ச ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். பிட்டருக்கு 4 கிராம் போதும், கோதுமைப் பீருக்கு 8 வரை. இரண்டு வாரம் அறைச் சூட்டில், அப்புறம் ஃப்ரிட்ஜ். பழுப்புப் பாட்டிலே நல்லது. வெள்ளை, பச்சைப் பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து நாற்றம் எடுக்கும்.

சுத்தம் எவ்வளவு முக்கியம்?

கொதி முடிந்த பிறகு பீரைத் தொடும் எதுவும் கழுவியதாகவும் கிருமி நீக்கியதாகவும் இருக்க வேண்டும். கரண்டி, குழாய், உங்கள் கை. கொதிக்கு முன் கவலை வேண்டாம். ஸ்டார்சான் என்ற கிருமிநீக்கியை லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து நனைத்தால் போதும், அலச வேண்டியதில்லை, நுரை ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை.

ஈஸ்ட் மட்டும் வேலை செய்தால்தான் நினைத்த பீர் வரும் என்பதைக் காட்டியவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். 1883-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்து வளர்த்தார். இட்லி மாவில் காற்றிலும் உளுந்திலும் இருக்கும் எவர் வந்தாலும் நமக்குச் சம்மதம். பீர் வாளிக்கு அழைப்பிதழ் ஒருவருக்கு மட்டும்.

பிழிந்த தானியத்தை என்ன செய்வது?

ஒரு நாளைக்கு மேல் வைத்தால் மாட்டுக்கொட்டகை வாசம் அடிக்கும், ஆகவே அன்றைக்கே முடிவு செய்யுங்கள். உரக்குழிக்கு நல்லது. இரண்டு கைப்பிடியை அடை மாவில் கலக்கலாம், உமி பல்லில் மாட்டும், ருசி பாதகமில்லை. கோதுமைப் பீர் காய்ச்சிய நாளில் மிஞ்சியதுதான் அடைக்குத் தோது, கோதுமைக்கு உமி கிடையாது. வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் பக்கம் மட்டும் அண்ட விடாதீர்கள். அது நாய்க்கு விஷம், உடம்புச் சூடு ஏறி உயிரே போகலாம். கொதித்து முடிந்த ஹாப்ஸ் சக்கையைப் பையில் கட்டி நேராகக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடுங்கள்.